பத்தகோனியாவில் கடித்த பனங்கட்டி

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறிக் கடை வாசலில் நின்று முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறபோது யாராவது ஒரு வெள்ளைக்காரர் என்னைப் படம் எடுப்பார். சின்னக் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி முன்னால் வர, பின்னால் ஒரு கூட்டம். எனக்குப் பத்திக்கொண்டு வரும். முருங்கைக்காய் வாங்குவதில் என்ன விடுப்பு, வேடிக்கை பார்க்க? முகத்தைத் திருப்பிவிடுவேன். போன மார்கழியில் நானே அப்படியொரு கொடிக்குப் பின்னால் கமராவோடு ஓடினேன் என்றால் சிரிப்பீர்கள்.

நான் ஓய்வுபெற்றதற்கு மகள் தந்த பரிசு அந்தக் கப்பல் பயணம். வயிற்றில் பிள்ளையோடு அவளும் கூட வந்தாள். ஏறுமுன்பே பிரெஞ்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: பிள்ளைக்குத் தமிழ் வகுப்புக் கிடையாது, சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் அந்த வகுப்பில் தான் அழுதது போதும். பேரப்பிள்ளையோடும் என் உடைந்த பிரெஞ்சில்தான் கொஞ்சவேண்டுமா என்ற கவலை நடுக்கடலிலும் என்னை விடவில்லை.

அர்ஜென்டீனாவில் இறக்கி, பத்தகோனியாப் புழுதிக்குள்ளால் பஸ்ஸில் ஓர் ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் வேல்ஸ் தேசத்தவர் கப்பலில் வந்து குடியேறிய இடமாம். தேநீர் வீட்டில் கம்பளித் தொப்பி போட்ட கேத்தில், மேசை நிறையக் கேக். எனக்குச் சீனி போட்ட தேத்தண்ணி இறங்காது. வெறும் தேத்தண்ணியை ஊற்றி, சட்டைப்பையிலிருந்த பனங்கட்டியை எடுத்தேன். ஒரு கடி, ஒரு மிடறு.

"அரெத், அப்பா!" நிறுத்தச் சொல்லிப் பிரெஞ்சில் அதட்டி, மகள் மேசைக்குக் கீழே உதைத்தாள்.

பரிமாறிய பெண் விடுப்புப் பார்க்க வந்துவிட்டாள். அவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். கடித்தாள், குடித்தாள், தலையாட்டினாள். எங்களை வரவேற்கும்போது அவள் பேசிய வெல்ஷ் மொழியெல்லாம் எங்களுக்காகப் போடுகிற வேஷம் என்றுதான் நினைத்தேன்.

"பஸ் போனாப் பிறகு என்ன பாசை கதைப்பியள் எண்டு கேள் பிள்ளை."

மகள் பள்ளியில் படித்த ஸ்பானியத்தில் கேட்டாள். அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தி நீளமாக ஏதோ சொன்னாள். மகள் திரும்ப ஏதோ கேட்டாள். பார்த்தால், இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையப்பா."

எனக்கு மண்டை வெடிக்காத குறை.

போன கிழமை மகள் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு லா சப்பலுக்கு வந்தாள். மரக்கறிக் கடையில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள்: "இஞ்சை பார், கத்தரிக்காய். இது..." தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"பாவக்காய்," என்றேன். "என்ன பிள்ளை, திடீரெண்டு?"

"அந்தத் தேத்தண்ணி வீட்டு மனிசி சொன்னவ அப்பா. சின்னனிலை வெல்ஷ் கதைக்கச் சொல்லி அம்மா கட்டாயப்படுத்தினவவாம். தனக்கு அப்ப சரியான கோவமாம். இப்ப அம்மா இல்லை. கதைக்க ஆசையாம், வீட்டிலை மறுமொழி சொல்ல ஆளில்லையாம்."

பாவக்காயை எடுத்து வீணாய் உருட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கொடி வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் எங்களைப் படம் எடுத்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. "வடிவான பிள்ளை! எந்த ஊர்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். இந்தக் கேள்விக்கு இத்தனை வருசமாகியும் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை.

மகள் குனிந்து பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தபடியே, "இஞ்சைதான்," என்றாள், தமிழில்.