குடல் கறிச் சட்டி

செத்துப்போன சின்னக் குரங்குகளின் குடலை அளப்பது என் வேலை. டென்மார்க்கில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். மார்மொசெட் என்று ஓர் இனம், அணிலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஆராய்ச்சிக்காக வளர்க்கும் இடங்களில் சில மார்மொசெட்டுகளுக்கு வயிற்று நோய் வந்து, இளைத்து இளைத்துச் செத்துப்போகும். ஏன் என்று பார்க்க அந்த உடல்கள் ஐஸ் பெட்டியில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும்.

குடலைப் பிடித்திருக்கும் மெல்லிய சவ்வைக் கத்தரித்து, ஈரத் தட்டில் அளவுகோல் ஓரமாகக் கிடத்த வேண்டும். இழுக்கக்கூடாது. இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு, அளவு பொய்யாகிவிடும். அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது. எனக்குச் சரிவந்தது. வீட்டில் காத்திருக்க யாருமில்லாதவளுக்கு என்ன அவசரம்? கணவர் இறந்துவிட்டார். மகன் கொப்பன்ஹேகனில். நான் தமிழில் கேட்பேன், அவன் டேனிஷில் இரண்டு சொல் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவான். கூட வேலை செய்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் நாலு மணியானால் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே மாதம் ஒருமுறை விபோர்க் நகரத் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசையை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பேன். உண்மையைச் சொன்னால் பூசையைக்கூட இல்லை, அதற்குப் பிறகு மண்டபத்தில் நடக்கும் சாப்பாட்டை. ஆளுக்கொரு சட்டி கொண்டுபோவோம். என் பங்கு ஆட்டுக்குடல் கறி. உப்பும் மஞ்சளும் போட்டு உரசி, சுடுநீரில் திரும்பத் திரும்ப அலசுவேன். என்னளவுக்குக் குடல் கழுவ அங்கே ஆளில்லை. வழித்துத் துடைத்த சட்டியோடுதான் வீடு திரும்புவேன்.

ஒரு நாள் எதிரே இருந்த அண்ணை ஒருவர், பாண் ரொட்டியைக் கறியில் தொட்டபடி, "தங்கச்சி, நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டார். இத்தனை காலத்தில் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கைகளை விரித்துக் குரங்குக் குடலின் நீளம் காட்டினேன். மரப்பிசின் தின்கிற குரங்கல்லவா, அதைச் செரிக்கப் பெருங்குடலின் தொடக்கத்தில் பெரிய பை ஒன்று வைத்திருக்கிறது என்று விளக்கினேன். சொல்லி முடித்து நிமிர்ந்தபோதுதான், எல்லோர் தட்டிலும் என் கறி அப்படியே கிடப்பதைக் கண்டேன்.

"கையுறை போட்டுத்தான் செய்யிறனான்," என்றேன்.

"ஓம், ஓம்," என்றார் அண்ணை. பாணைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த மாதமும் அதே கறியைக் கொண்டுபோனேன். பிடிவாதக்காரி நான். ஒருவருக்குக் கொலஸ்ட்ரோல், ஒருவருக்கு வயிற்றுப் பொருமல், இன்னொருவர் இறைச்சியே விட்டுவிட்டாராம். ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் நோய் வந்துவிட்டது. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. நிறைந்த சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. அந்தக் கிழமை ஏழு நாளும் நானே அதைச் சாப்பிட்டேன். நல்ல கறி.

வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விட்டால் மற்ற நாட்களில் என்ன செய்வது? அந்தச் சாப்பாட்டு மேசையை விட்டால் தமிழில் யாரோடு கதைப்பது?

கடைசியில் அடுத்த பூசைக்குப் பேக்கரியில் ஒரு கேக் வாங்கினேன். கடைக்காரி ஒட்டிய ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்காமல் பெட்டியோடு மேசையில் வைத்தேன். "கேக்கோ! நல்லது," என்று எல்லோரும் வந்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் இருந்த கதிரைகளில் ஆட்கள் உட்கார்ந்து நிறைந்தார்கள். பிள்ளைகளின் பரீட்சை, குளிர், நாட்டு நிலைமை என்று கதை போனது. நானும் கதைத்தேன். சந்தோஷமாக இருந்தது. கேக்கை வெட்டிக் கொடுப்போம் என்று கத்தியை எடுத்தேன்.

பக்கத்தில் இருந்த பெண் எழுந்து கை நீட்டினாள்.

"நீங்கள் இருங்கோ அக்கா, நான் வெட்டுறன்."

கத்தியை வாங்கி, அதன் பிடியைக் கடதாசியால் துடைத்துவிட்டு வெட்டத் தொடங்கினாள். முதல் துண்டை எனக்குத்தான் தந்தாள்.