மாமாவின் பத்தியம்

என் மாமாவுக்கு அடிக்கடி கண் மஞ்சளாகும். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பழைய ரசாயன டிரம்களுக்குள் தலையை விட்டுக் கழுவும் வேலை. சாயங்காலம் அவர் வருவதற்கு முன்னால் அந்த நெடி வீட்டுக்குள் வந்துவிடும்.

"ஈரல் கெட்டுப்போகுது. மொதல்ல அந்த வேலைய விடுப்பா" என்றார் டாக்டர். அது மட்டும் யார் காதிலும் விழவில்லை. அப்போதுதான் மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கம்பெனி வேலை என்று சொல்லித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா லாஸ்பேட்டை காலிமனைகளில் தேடிக் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வருவாள். அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, மீன் வாசமே ஆகாது. மாமாவோ குருசுக்குப்பத்து மீனுக்கு உயிரை விடுகிறவர்.

"நாக்கு செத்துப்போச்சுக்கா."

"நாக்கு செத்தா பரவால்ல, நீ இருடா."

மஞ்சள் இறங்கிவிடும். அம்மா அவரை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்ப்பாள். "பால் மாதிரி இருக்கு. திங்கக்கெழமையே போயிடு." மாமாவும் போவார்.

பேச்சு பரவி, கூட வேலை செய்கிறவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். மஞ்சள் கண்ணோடு வரிசையாக உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். எனக்கு அது திருவிழா. அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் கைக்கு இறங்காத மஞ்சள் இல்லை என்று தெருவெல்லாம் சொல்லி வந்தாள். இப்போதுதான் புரிகிறது. அந்தக் கம்பெனி ஆட்களைக் கெடுத்து அனுப்பியது. நாங்கள் தேற்றித் தேற்றி அங்கேயே திருப்பி அனுப்பினோம்.

ஒரு மழைக்காலத்தில் மாமாவின் மஞ்சள் இறங்கவில்லை. வயிறு வேறு வீங்கியது. இலையின் மேல் அம்மாவுக்குத் துளியும் சந்தேகமில்லை.

"உண்மையச் சொல்லுடா, எங்க மீன் தின்ன?"

"சத்தியமா இல்லக்கா."

"அப்பறம் ஏன்டா எறங்கல?"

மாமா மறுபடியும் சத்தியம் செய்தார். இலை பொய்க்காது, இவர்தான் தின்றிருப்பார் என்று வீடு முடிவு கட்டியது.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்தது. மாமா எங்கள் வாசலை விட்டுப் போன கடைசி நாள் அது. அவர் ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில் நின்றிருந்தேன். துணி எடுக்கப் போன அம்மா உள்ளே, "என் கை ராசி எங்க போச்சு, என்ன கொறை வச்சேன்" என்று அழுதுகொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது.

நான் மாமாவை மடக்குவதாக நினைத்துக்கொண்டு, "எந்த மீன் மாமா, வஞ்சிரமா, சங்கராவா?" என்றேன்.

மாமா உள்பக்கம் பார்த்தார். அழுகை நிற்கவில்லை.

"சங்கரா" என்றார். "ஓடிப் போய் அம்மாகிட்ட சொல்லு பாப்பா."

ஓடினேன். "மாமா ஒத்துக்கிட்டாரும்மா!"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா, எனக்குத் தெரியும்" என்றாள். திருட்டைக் கண்டுபிடித்தவள் நானல்லவா, அந்தச் சந்தோஷத்தில் அன்று மத்தியானம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.