கடைசி அங்கம் தொடங்கும் வரை

ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குப் போகும் சாலையில் காலை ஏழே காலுக்கு வண்டிகள் நகராமல் நிற்கும்போது, சேதுமாதவன் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி.யை அணைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஆரம்பிப்பார். பத்து நிமிடத்தில் அது 'ஆ' ஆகும். அடுத்த பத்து நிமிடத்தில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கழுத்தில் கம்பளித் துண்டும் நெற்றியில் வியர்வையுமாக ஒரு மனிதர் கண்ணை விரித்து வாயைப் பிளந்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியும். சத்தம் அரைகுறையாகத்தான் கேட்கும். போனில் யாருடனோ பெரிய சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். பெஷாவர்க்கார டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "சப் டீக் ஹை, பாய்?" என்று, எல்லாம் சரிதானா என விசாரித்திருக்கிறார்.

"நல்ல மனுசனுங்க. தண்ணி பாட்டில் வேற குடுத்தாரு. ஆனா ஐஸ் தண்ணி. எப்பிடிங்க குடிக்கறது?" என்கிறார் சேதுமாதவன்.

வீட்டில் பாட வழியில்லை. ஷார்ஜாவின் நஹ்தா பகுதியில் நாங்கள் இருவரும் ஒரே கட்டடம். அவர் ஆறாவது மாடி, நான் நான்காவது. வந்த புதிதில் படிக்கட்டில் நின்று பாடிப் பார்த்தார். யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று எட்டாவது மாடியில் புகார் கிளம்பியது. காவலாளி லுக்மான் மூச்சிரைக்க ஓடிவந்து, "ஆவாஸ் மாஃபி, பாய்! மெஹர்பானி, ஆவாஸ் மாஃபி!" என்று, தயவுசெய்து சத்தம் வேண்டாமெனக் கும்பிட்டாராம். அன்றிலிருந்து காரே பயிற்சி அறை.

ஐம்பத்திரண்டு வயது. அகன்ற மார்பு, அதற்குப் பொருந்தாத சின்னக் கால்கள். பகலில் துபாய்ப் பள்ளி ஒன்றில் பாட்டு ஆசிரியர். ஆனால் யார் கேட்டாலும் தன் தொழில் டெனர் என்றுதான் சொல்வார். ஓபரா என்பது வசனமே இல்லாமல், முழுக்கப் பாட்டாகவே நடக்கும் ஐரோப்பிய நாடகம். மைக் கிடையாது. இரண்டாயிரம் பேருக்கும் வெறும் தொண்டையால் கேட்கவைக்க வேண்டும். அதில் ஆண்களின் உயர்ந்த குரலுக்குப் பெயர் டெனர். காதலன் வேடம் பெரும்பாலும் அந்தக் குரலுக்குத்தான். இதையெல்லாம் அவர் இவ்வளவு நீட்டமாகச் சொல்ல மாட்டார். "மேல ஒரு சுரம் இருக்குதுங்க. அது வந்தா நான் டெனரு. வரலைன்னா வெறும் டெக்ஸ்டைல் இன்ஜினியரு."

உண்மையிலேயே டெக்ஸ்டைல் படித்தவர்தான். கோயம்புத்தூரில் நூற்பாலை மேலாளரின் மகன். கல்லூரியில் கிறிஸ்துமஸ் கோரஸுக்கு ஆள் குறைந்தபோது, நெற்றியில் திருநீற்றோடு போய் நின்றவர். மேற்படிப்புக்கு ஜெர்மனி போனார். ஒரு வருடத்தில் நூலை விட்டுவிட்டுப் பாட்டில் சேர்ந்தார். அப்பா ஒன்றரை வருடம் பேசவில்லை. பிறகு ஒரு சின்ன ஊரின் அரங்கில் பதினோரு வருடம். பெரும்பாலும் கூட்டத்தில் ஒருவராக, எப்போதாவது வேலைக்காரனாக, தூதனாக.

"கதவத் தொறந்துக்கிட்டு உள்ள போயி, 'எசமான், கடுதாசி வந்திருக்குது'ன்னு பாடிட்டு வந்துருவனுங்க. நாலே வரி. எரநூறு தடவைக்கு மேல கடுதாசி குடுத்திருக்கறன். எனக்குத்தான் ஒண்ணும் வரல."

அந்த அரங்கம் பாடகர்களைக் குறைத்தபோது அவரும் போனார். மனைவி உமாராணி மருந்தாளுநர். ஷார்ஜாவில் அவருக்கு வேலை கிடைக்க, குடும்பம் இங்கே வந்து சேர்ந்தது. "எங்கூட்டுல மூணு பேருங்க. நானு, இவரு, இவரு தொண்டை. மூணாவது ஆளுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி" என்பார் உமாராணி. மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. குழம்பில் மிளகாய் பாதி. முறுக்கு, வறுகடலை வீட்டுக்குள் வரக்கூடாது. ஆகஸ்ட் மாதத்திலும் கழுத்துத் துண்டு இறங்காது. சேதுமாதவன் கிசுகிசுத்து நான் பார்த்ததே இல்லை. கிசுகிசுப்பது தொண்டைக்குக் கத்துவதைவிடக் கெடுதலாம். ஆகவே ஆஸ்பத்திரி வரிசையிலும் சினிமா தியேட்டரிலும் ஒன்று முழுக்குரலில் பேசுவார், அல்லது வாயே திறக்க மாட்டார். அவரோடு சினிமாவுக்குப் போவதை நான் நிறுத்தி வெகுநாளாகிறது.

இங்கு வந்த பிறகு அவருக்குக் கிடைத்த மேடைத் தொழில் ஒன்றே ஒன்று. ஐரோப்பியக் குழுக்கள் துபாய்க்கு நாடகம் கொண்டுவரும்போது, கதாநாயகப் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் அவர் இடத்தில் ஏறிப் பாட ஒரு ஆள் உள்ளூரிலேயே தயாராக இருக்க வேண்டும். அதற்குக் 'கவர்' என்று பெயர். மூன்று மணி நேர வேடத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். காட்சி தொடங்க இரண்டு மணி நேரம் முன்பிருந்து அரங்கத்துக்குப் பக்கத்திலேயே, போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். கடைசி அங்கம் தொடங்கிவிட்டால் விடுதலை. அதற்குமேல் ஆளை மாற்ற மாட்டார்கள். வந்த முதல் ஆறு வருடத்தில் பதினான்கு நாடகங்களுக்கு அவர் அப்படி இருந்திருக்கிறார். அதுவரை ஒரு தடவைகூட அழைப்பு வந்ததில்லை.

"வராம இருக்கறதுதானுங்க நல்லது. பாவம், அந்த மனுசனுக்குக் காய்ச்சலா வரோணும்?" என்பார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் வெட்கப்படுவார்.

இனி நான் எழுத வேண்டியது எனக்குப் பிடிக்காத பகுதி. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதம். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா, ஒரு பள்ளி மைதானத்தில். நான் இணைச் செயலாளர். இருபத்தோரு பானைகள், இருபத்தோரு கரி அடுப்புகள், மைதானம் முழுக்கப் புகை. அன்று சனிக்கிழமை. துபாயில் சேதுமாதவன் கவராக இருந்த நாடகத்துக்கு அன்று ஓய்வு நாள். ஞாயிறு மாலை கடைசிக் காட்சி. சாப்பிட மட்டும் வந்திருந்தார். சங்கத் தலைவர் நெய்னா முகம்மது கார்கோ கம்பெனி வைத்திருக்கும் கீழக்கரைக்காரர். அவர்தான் இவரை மேடைக்கு இழுத்தார். உமாராணி என்னிடம் வந்து, "நாளைக்கு இவருக்கு டூட்டிங்க. பாட வெக்காதீங்க" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "பதினாலு தடவை கூப்பிடாதவங்க நாளைக்கா கூப்பிடப் போறாங்க?"

சேதுமாதவன் இலைத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு மேடைக்குப் போனார்.

முதலில் அந்த நாடகத்தின் பாட்டைத்தான் பாடினார். துறைமுகத்தில் கப்பலேறும் முன் காதலன் விடைபெறும் பாட்டாம். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தன. நெய்னா முகம்மது, "தம்பி, இங்கிலீசு போதும். நம்ம பாட்டு ஒண்ணு எடுத்து வுடுங்க" என்றார். அது இத்தாலிய மொழி. சேதுமாதவன் திருத்தவில்லை. மைக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் ஊர்ப் பக்கத்துக் கும்மிப் பாட்டு ஒன்றை எடுத்தார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? மைதானத்தின் மறுகோடியில் பானை கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். பெண்கள் வட்டம் கட்டிவிட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்து வருடம் இந்த மனிதரோடு லிப்டில் ஏறி இறங்கியிருக்கிறேன்; கேலி செய்திருக்கிறேன்; அவருக்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ்மோர்!" என்று முதலில் கத்தியது நான். இரண்டாவது தடவை கத்தியதும் நான்தான். அதன்பின் என்னைக் கேட்காமலே கூட்டம் கத்தியது. ஒன்றே முக்கால் மணி நேரம், அந்தப் புகையில் பாடினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. கதாநாயகப் பாடகருக்குக் காய்ச்சல். இன்று மாலை நீங்கள்தான் என்றார்கள். சேதுமாதவன் சமையலறையில் நின்று வாயைத் திறந்திருக்கிறார். கீழ்க்குரல் வந்தது. மேலே போனபோது வெறும் காற்று வந்தது. ஆவி பிடித்தார், வெந்நீர் குடித்தார், மறுபடி பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு அவரே போன் செய்து, முடியாது என்று சொல்லிவிட்டார். காய்ச்சல்காரரே மாத்திரை போட்டுக்கொண்டு எப்படியோ பாடி முடித்தாராம். அந்தக் குழு மறுபடி சேதுமாதவனை அழைக்கவில்லை. அவர்கள் சொல்லக் கேட்டோ என்னவோ, மற்றக் குழுக்களும் அழைக்கவில்லை.

எங்களில் யாருக்கும் இது தெரியாது. அடுத்த பொங்கலுக்கும் வந்து, கூப்பிட்டதும் மேடையேறி, அதே கும்மியைப் பாடிவிட்டுப் போனார். ஒரு வருடம் கழித்து, மருந்துக் கடையில் இருமல் மருந்தை என் கையில் கொடுத்தபடி உமாராணிதான் சொன்னார். "அவரு யாருகிட்டயும் சொல்லலீங்க. நானும் உங்களக் கொறை சொல்லல. சொல்லாம இருக்க முடியல, அவ்வளவுதான்." அந்த மருந்து என் அலமாரியில் பிரிக்காமலே இருக்கிறது.

இந்த டிசம்பரில் அதே குழு, அதே நாடகத்தோடு வந்தது. சேதுமாதவன் அவர்களுக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. வேறு ஒரு கவரை அவர்களே கூட்டிவந்திருப்பதாகச் செய்தியும் வந்தது. ஆனாலும் காட்சி நாட்களில் அவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை நானும் ஒட்டிக்கொண்டேன். மூன்றரை மணிக் காட்சி. ஒன்றரைக்கே, அரங்கத்துக்கு எதிரே திறந்தவெளியில் வண்டியை நிறுத்தினார். தரைக்கடியிலுள்ள பார்க்கிங்கில் நிறுத்தினால் சிக்னல் கிடைக்காதாம். பிளாஸ்கில் வெந்நீர், டப்பாவில் நறுக்கிய ஆப்பிள், பென்சில் குறிகள் நிறைந்த பாட்டுப் புத்தகம், பையில் ஒரு ஜோடிக் கறுப்பு ஷூ. போன் முன் கண்ணாடிக்குக் கீழே, திரை தெரிகிற மாதிரி.

"ஷூ எதுக்கு?"

"துணிமணி அவுங்களே குடுப்பாங்க. அடுத்தவன் ஷூவுல நின்னு பாட முடியாதுங்க."

"வேற ஆள் வெச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே?"

"அவனுக்கும் தொண்டைதானுங்களே இருக்குது?" என்றார். பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, "இன்னும் ஒரு வருசம், மிஞ்சிப்போனா ரெண்டு. அப்பறம் அந்த மேல் சுரம் போயிருமுங்க. வயசு. கூப்புட்டா இருக்கோணுமில்லீங்களா?" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. உமாராணி சொன்ன நாளிலிருந்து மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அன்று பொங்கலில் முதலில் ஒன்ஸ்மோர் கேட்டது நான் என்றேன். நாளைக்கா கூப்பிடப் போகிறார்கள் என்று சொன்ன வாயும் இதுதான் என்றேன்.

அவர் திரும்பவில்லை. "தெரியுமுங்க. உங்க குரலு தனியாக் கேட்டுது. எடது பக்கம், மூணாவது வரிசை."

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒண்ணும் சொல்லலை?"

"நீங்க கேட்டீங்க. பாடுனது நானுங்களே." ஆப்பிள் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "முப்பது வருசமாப் பாடறன். என்ற பாசையில எனக்குக் கை தட்டுனது அன்னிக்குத்தானுங்க. நிறுத்த மனசு வரல. போச்சாது, உடுங்க. தின்னுங்க."

வெயில் சாய்ந்து மணி ஐந்தேகால் ஆயிற்று. கடைசி அங்கம் ஐந்தே முக்காலுக்கு. அப்போது போன் அடித்தது. நான் துள்ளிவிட்டேன். சேதுமாதவன் முதுகு நிமிர்ந்து, கை தானாகச் சட்டைப் பட்டனைச் சரிசெய்தது. திரையில் நெய்னா முகம்மதுவின் பெயர்.

ஸ்பீக்கரில் போட்டார். "தம்பி, பொங்கலுக்கு நீங்கதான் பாடுறீங்க, போஸ்டரே அடிச்சாச்சு! அந்தக் கும்மி கண்டிப்பா வேணும். இப்ப ஒரு அடி எடுத்து வுடுங்களேன், இங்க நம்ம ஆளுங்க எல்லாம் இருக்காங்க..."

"அரை மணி கழிச்சு நானே கூப்புடறனுங்க, பாய். இப்ப லைனு காலியா இருக்கோணும்."

போனைத் துடைத்து, இருந்த இடத்திலேயே நிமிர்த்தி வைத்தார். எதிரே அரங்கத்தின் பக்கவாசல் மூடியே இருந்தது. அதைப் பார்த்தபடி, கழுத்துத் துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.