கம்பளியைக் கொடுத்த பிறகு

அழகையாவுக்குக் குளிர் என்றால் என்னவென்று ஐம்பத்தாறாவது வயதில்தான் தெரிந்தது. கூதல்மலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். வெலிமடைப் பக்கம், பகலிலும் மேகம் படுத்துக் கிடக்கிற உயரத்தில் இருந்த தோட்டம் அது. கார்த்திகை பிறந்துவிட்டால், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவருக்கும் மூக்கு காயாது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கிற சனம் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கங்காணி பேர் கூப்பிட்டால் அதற்குள்ளிருந்தே குரல் கொடுக்கும்.

அழகையா அந்தக் கூட்டத்தில் சேராதவர். தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோரு என்பார்கள். கொழுந்து உலர்த்துகிற மெஷினுக்கு அங்கே அடுப்பெரிப்பது அவர் வேலை. வெளியே விரல் விறைக்கிற நேரத்தில் அவர் வெற்றுடம்போடு வியர்த்துக்கொண்டு நிற்பார். கொழுந்துக் கூடையோடு வருகிற பெண்கள் அடுப்பு வாசலில் ஒரு நிமிஷம் குளிர் காய்ந்துவிட்டு, "ஒங்களுக்கென்ன மாமா, ஊரு வெயில மடியில கட்டிக்கிட்டுல்ல வந்துட்டீங்க" என்று சீண்டிவிட்டுப் போவார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

கட்டை தூக்கக் கை வராமல் போனதும் துரை அவரை அடுப்படியிலிருந்து எடுத்து, றோட்டோரம் புல் வெட்டப் போட்டார். அந்த வருஷமே குளிர் அவர் நெஞ்சில் குடியேறிவிட்டது. முழங்கால் மடங்க மறுத்தது. லயத்து அறையைக் காம்பரா என்பார்கள்; இருமல் தொடங்கினால் பக்கத்துக் காம்பராக்காரன் எழுந்து உட்கார்ந்துகொள்வான். இரண்டு வருஷம் அப்படி இழுத்துப் பறித்துப் போன பிறகு, ஓர் ஆடி மாதத்தில் தோட்டத்து மருந்தையா அவர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

"இன்னொரு மழைக்காலம் இந்த மலையில இருந்தா நீ எந்திரிக்க மாட்ட, அழகையா. ஒன் ஊருல வெயில் இருக்குல்ல? போய் அதுல உக்காரு."

வெயில் இருந்தது. புதுக்கோட்டைச் சீமையில் கருவேலம்பட்டி என்ற அந்த ஊரில் வெயிலைத் தவிர வேறு ஒன்றும் அதிகமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே வள்ளியம்மை இருந்தாள். கல்யாணமாகி ஆறாம் மாதம், "ரெண்டு வருஷத்துல வந்துர்றேன்" என்று சொல்லி, கடல் தாண்டித் தோட்டத்துக்கு வந்தபோது அழகையா ஊரில் விட்டுவந்த பெண்டாட்டி அவள்.

இந்த இடத்தில் அழகையாவின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. குடித்துவிட்டுக் கைநீட்டியவர் இல்லை. எதற்கும் "பாக்கலாம்" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு கேடு செய்ய முடியுமோ அவ்வளவும் செய்தார். முதலில் அவர் இருந்தது பசறைப் பக்கம், சொந்த ஊர்க் கங்காணியின் கீழ். அவன் ஊருக்குப் போகும்போதெல்லாம் சேதி போகும், சேதி வரும். நாலாம் வருஷம் கங்காணியோடு சண்டை பிடித்துக்கொண்டு, ராவோடு ராவாகக் கூதல்மலைக்கு ஓடிவந்துவிட்டார். இங்கே எல்லாரும் வேறு ஜில்லாக்காரர்கள். கருவேலம்பட்டிக்கு வழி தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை. கணக்கப்பிள்ளையிடம் சொன்னால் கடுதாசி எழுதித் தருவார். பாக்கலாம், அடுத்த மாசம் எழுதலாம் என்றார் அழகையா.

அதற்குள் ரெங்கம்மா வந்துவிட்டாள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு மூன்று வயதுப் பெண்குழந்தையோடு நின்றவள். லயத்தில் இதையெல்லாம் யாரும் தோண்டிக் கேட்பதில்லை. ஒரு மஞ்சள் கயிறு, பத்துப் பேருக்குச் சோறு, முடிந்தது. பிறகு எந்த முகத்தோடு ஊருக்குக் கடுதாசி எழுதுவது? எழுதாமலே முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ரெங்கம்மா விஷக்காய்ச்சல் வந்த வருஷம் போய்ச் சேர்ந்தாள். அவள் மகள் ஜெயலெட்சுமிதான் இப்போது அவருக்கு எல்லாம். அவளும் அவள் புருஷனும் இருக்கிற காம்பராவின் முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பில் சாக்குப் படுதா கட்டி அவருக்கு இடம் விட்டிருந்தாள். சாயங்காலமானால் ஒரு சட்டியில் நெருப்புக் கங்கு அள்ளி வந்து அவர் காலடியில் வைப்பாள்.

அவளைத் தன் மகளில்லை என்று அழகையா ஒருநாளும் நினைத்ததில்லை. போகலாமா வேண்டாமா என்று அவர் ஒரு மாதம் உழன்றதற்குப் பாதிக் காரணம் அவள். மீதிக் காரணம் வெட்கம். போனால் மகளை இனிக் காண்பது இல்லை. போகாவிட்டால் தை மாதம் காண்பது இல்லை. கடைசியில் அவளே முடிவைச் சொன்னாள்.

"போங்கப்பா. நீங்க எங்கயோ உசுரோட இருக்கீங்கன்னா எனக்கு அது போதும். இங்க இருந்து இருமி இருமிச் சாவுறத நான் பாத்துக்கிட்டு கெடக்கணுமா? பெரியம்மா கோவிச்சா கோவிக்கட்டும். கால்ல விழுங்க."

பெரியம்மா என்று அவள் சொன்னது வள்ளியம்மையை. ரெங்கம்மாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அந்த வீட்டில் அது ஒரு ரகசியமாக இருந்ததே இல்லை.

பதுளைக் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருந்த புஹாரிக்குச் சொந்த ஊர் தொண்டி; முஸ்லிம் வியாபாரிகளை அழைக்கிற வழக்கப்படி எல்லாரும் அவரை நானா என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஆவணியில் போய் ஐப்பசிக் கடைசியில் திரும்புவார். தொண்டியிலிருந்து கருவேலம்பட்டி ஒருநாள் வண்டிப் பயணம். அழகையா அவரிடம் போய், "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க, நானா. அவ இருக்காளான்னு பாருங்க. நான் வர்றேன்னு சொல்லிருங்க" என்று கேட்டுக்கொண்டார். ஜெயலெட்சுமி பெரியம்மாவுக்கென்று தேயிலைத் தூள் கட்டி, மேலே துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

ஆயுளில் முதல்முறையாக அழகையா ஒரு காரியத்தைத் தள்ளிப்போடாமல் செய்தார். செய்தது அப்போதா என்றுதான் நமக்கு ஆத்திரம் வருகிறது. புஹாரி திரும்பி வருகிறவரை காத்திருக்கவில்லை. தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் தன் பேரை வெட்டிவிடச் சொன்னார். தீபாவளி முடிந்த மறுநாள், ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் செய்கிறபடி, தட்டுமுட்டுச் சாமான்களை லயத்துக்குப் பங்கு வைத்தார். திரும்பி வரமாட்டேன் என்று லயத்துக்குச் சொல்கிற முறை அது. செம்பு ஒருத்திக்கு, கத்தி ஒருத்தனுக்கு. கம்பளியைப் பக்கத்துக் காம்பரா வீரசிங்கத்துக்குக் கொடுத்தார். இருமலால் தூக்கம் கெட்டவன் அவன்தானே. "வெயிலுக்குப் போறவனுக்கு இது எதுக்குடா" என்றார். அவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அன்றைக்கு அழகையா சந்தோஷமாக இருந்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

ஐப்பசிக் கடைசியில் புஹாரி வந்துவிட்டதாகச் சேதி வந்தது. அழகையா மழைத்தூறலில் தெமோதரை வரைக்கும் நின்று நின்று இறங்கினார். ரயில் அதுவரைக்கும்தான் வந்திருந்த காலம் அது. ஸ்டேஷனில் மூட்டை ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போகிற மாட்டுவண்டி ஒன்றில் அவருக்கும் இடம் கிடைத்தது. தானும் இன்னும் சில நாளில் இதே ஸ்டேஷனில் ரயில் ஏறப்போவதை வண்டிக்காரனிடம் இரண்டு தடவை சொன்னார்.

கடையில் புஹாரி அவரைக் கண்டதும் எழுந்து, உள்ளே சாமான் அறைக்கு அழைத்துப்போய் ஒரு துணிமூட்டைமேல் உட்கார வைத்தார். தேத்தண்ணி வரவழைத்தார். தண்ணி ஆறிப்போகிறவரை கப்பல் கூட்டத்தைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசினார். அழகையாவின் பார்வை மூலையில் விழுந்தது. ஜெயலெட்சுமி தைத்துக் கொடுத்த தேயிலைக் கட்டு அங்கே தையல் பிரியாமல் இருந்தது.

"போகலியா, நானா?"

"போனேன், அண்ணே."

"அவ இல்லியா?"

"இருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க." புஹாரி தாடியைத் தடவிக்கொண்டார். "வெள்ளச் சேல கட்டியிருக்காங்க, அண்ணே."

அழகையாவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது மூட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் ஒருத்தனைப் பற்றித் தகவல் இல்லையென்றால் அவனைச் செத்தவனாக வைத்துக் காரியம் செய்துவிடுவது வழக்கம். வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, அதற்கு வேட்டி சுற்றி, சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். பெண்டாட்டிக்குத் தாலி அறுப்பார்கள். இது அழகையாவுக்குத் தெரியாத விஷயமா? கூதல்மலையிலேயே காணாமல் போன ஒருத்தனுக்கு அப்படிச் செய்தபோது வைக்கோல் பொம்மைக்குத் தோள் கொடுத்த நாலு பேரில் அவரும் ஒருவர். அன்றைக்குச் சுடலையிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டார். தன் ஊரில் தன் பேருக்கும் ஒரு கட்டு வைக்கோல் எரிந்திருக்கும் என்று அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

"இருவது வருஷமாச்சாம்" என்றார் புஹாரி. "ஒங்க தம்பிதான் மொட்டை போட்டு எல்லாம் செஞ்சாராம். அவரும் இப்ப இல்ல."

"நான் இருக்கேன்னு சொன்னீங்களா?"

"தனியா கூப்புட்டுச் சொன்னேன். முழுசாக் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க." புஹாரி அந்தப் பெண் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முயன்றார். "'உசுரோட இருந்தா நல்லா இருக்கட்டும். ஆனா இருவது வருஷமா நான் ஒரு நல்ல காரியத்துல முன்னால நின்னதில்ல. தங்கச்சி மக கல்யாணத்துல தாலி கட்டுறப்ப அடுப்படியில கதவச் சாத்திக்கிட்டு இருந்தேன். என் மூஞ்சி பொண்ணு கண்ணுல படக் கூடாதுன்னு நானேதான் போய் ஒளிஞ்சேன். இப்ப அவரு வந்து நின்னா, அதெல்லாம் எதுக்குன்னு நான் யாரப் போய்க் கேக்க? வர வேணாம்னு சொல்லுங்க. செத்தவரு செத்தவராவே இருக்கட்டும். நீங்க வந்ததையும் ஊருல சொல்லிராதீங்க.' இவ்வளவுதான் அண்ணே சொன்னாங்க. தேயிலையக் கையால தொடல."

அழகையா அழவில்லை. அழுகிற உரிமையும் தனக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் தானும் ஓர் அடுப்படியில்தான் இருந்திருப்போம் என்று நினைத்தார். வியர்க்க வியர்க்க, கொழுந்துக்காரிகளோடு சிரித்துக்கொண்டு.

புஹாரிக்கு மனசு கேட்கவில்லை. "ஊருக்குத்தான் போகணும்னு இல்லியே, அண்ணே. பதுளையில அந்த மலக் குளிர் இல்ல. கடைக்குப் பின்னால ஒரு அறை சும்மா கெடக்கு. வந்து இருங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

உண்மையாகச் சொன்னார். அந்த அறையில் இருந்திருந்தால் இன்னும் சில வருஷம் இருந்திருக்கலாம். அழகையா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாக்கலாம், நானா" என்றார்.

தேயிலைக் கட்டை எடுத்துக்கொண்டு போய், தெமோதரைக்குத் திரும்பிய வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டார். "என்ன, ரயில் எப்ப?" என்று அவன் கேட்டதற்கு, தலையைத் திருப்பிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். மலை ஏற வெகுநேரம் ஆயிற்று. வேலை விட்டு வந்த வீரசிங்கம் லயத்து வாசலில் கம்பளியைப் பிழிந்துகொண்டு நின்றான். இவரைக் கண்டதும் ஒரு மாதிரி நெளிந்தான். "மாமா, பயணம் வரைக்கும் வேணும்னா இத வச்சுக்கிடுங்களேன்" என்று நீட்டினான். கொடுத்ததைத் திரும்ப வாங்குவதா என்று கையசைத்துவிட்டு அழகையா இஸ்தோப்பில் ஏறினார்.

ஜெயலெட்சுமி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"நானாவப் பாத்தீங்களா? பெரியம்மா என்ன சொன்னாங்களாம்?"

"நல்லா இருக்காளாம்."

"அப்பறம் எப்பப்பா கெளம்புறீங்க?"

அழகையா சாக்குப் படுதாவை இழுத்துவிட்டார். இருமல் வந்து ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"போகல புள்ள. இப்ப அங்கயும் குளிருதாம்."

"அங்கயுமா?"

அவள் கடலைப் பார்த்தவள் இல்லை, கருவேலம்பட்டியைப் பார்த்தவளும் இல்லை. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு எந்த ஊரிலும் குளிரும் என்று நம்புவதில் ஒரு சிரமமும் இல்லை. சரி, என்ன செய்வது என்பதுபோலத் தலையாட்டினாள். உள்ளே போய்க் கங்குச் சட்டியைக் கொண்டுவந்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நெருக்கமாக அவர் காலடியில் வைத்தாள். பிள்ளைகளுக்குச் சோறு போட அவள் திரும்பிப் போகிறவரை அழகையா அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு காலால் அந்தச் சட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்துக்கொண்டார்.