ஸ்டாண்டில் நின்ற வண்டி

எங்கள் வில்கராவில் வெர்னா கில்பியிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது. பாதிரியாரே ஒருமுறை வாங்கினார். அவருடைய புல் வெட்டும் இயந்திரத்தில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. ஒரு காலத்தில் கம்பளி மூட்டை அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகைதான் அவளுடைய பட்டறை. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் ஆடு மடக்கப் போகும் சின்ன பைக்குகள் அத்தனையும் என்றைக்காவது அங்கே வந்து நின்றாக வேண்டும். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் கம்பளி பொறுக்கப் போன சிறு வயதிலேயே, பழுதான மோட்டார்களைப் பிரித்துப் போட்டுத் தொழிலைப் பிடித்துக்கொண்டவள். கட்டிய புருஷன் கடலோரத்துக்கு ஓடிப்போனான். "ஓடினது பரவால்ல, என் நல்ல ஸ்பானர் செட்டயும் தூக்கிட்டுப் போயிட்டான்" என்பாள். மிச்சமிருந்த சொந்தம் தம்பி டார்சி ஒருவன்தான்.

எதை மன்னித்தாலும், விழுந்த வண்டியை அப்படியே போட்டு வைப்பவனை அவளால் மன்னிக்க முடியாது. மதுக்கடை வாசலில் எவனுடைய பைக்காவது சாய்ந்து கிடந்தால், உள்ளே போய் அவன் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வருவாள். "ஆயில் ஏறக்கூடாத எடத்துக்கெல்லாம் ஏறிடும். விழுந்தா மொதல்ல வண்டிய நிமித்து, அப்புறம் முட்டியத் தடவிக்கோ." இடுப்பில் கை வைத்து அவளைப் போலவே இதைச் சொல்லிக் காட்டாத குடிகாரன் எங்கள் ஊரில் இல்லை. சிரித்துக்கொண்டே எல்லோரும் பழகியும்விட்டார்கள். விழுந்த பைக்கைக் கண்டால், யாருடையதாக இருந்தாலும் கை தானாகப் போய் நிமிர்த்தும்.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் உண்டு. மேய்ச்சல் வெளியில் ஒரு பைக் ஸ்டாண்டில் நின்றால், ஆள் வேலி கட்டவோ தண்ணீர்க் குழாய் பார்க்கவோ இறங்கிப் போயிருக்கிறான் என்று அர்த்தம். சாலையில் போகிறவர்கள் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பைக் தரையில் கிடந்தால் கதை வேறு. எவ்வளவு அவசரமானாலும் நிறுத்தி, இறங்கி, ஆளைத் தேட வேண்டும்.

அந்தக் கோடையில் டார்சி லாயிட் பெனக்கின் பண்ணையில் வேலை பார்த்தான். ஒருநாள் காலையில் ஆடு மடக்கப் போனவன் திரும்பவில்லை. மறுநாள் வறண்ட ஓடைக்குள் தொடை எலும்பு முறிந்து செத்துக் கிடந்தான். மேலே கரையில் அவனுடைய பைக் ஒழுங்காக ஸ்டாண்டில் நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடையில் சிக்கிய ஆட்டைத் தூக்க இறங்கியிருப்பான், சறுக்கி விழுந்திருப்பான் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். யோசிக்காமல் சொன்னாரோ என்னவோ, வெர்னாவை உள்ளுக்குள் அரிக்க அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

ஏனென்றால் முதல்நாள் பொழுது சாயும் நேரத்தில் அவள் அந்தச் சாலையில் போனாள். பைக்கைப் பார்த்தாள். ஸ்டாண்டில் நின்றது. இரண்டு முறை ஹாரன் அடித்தாள், போய்விட்டாள். ஓடைக்குள் கிடந்தவன் அந்த ஹாரனைக் கேட்டிருப்பான். அக்காவின் வண்டி என்று தெரிந்தும் இருக்கும். அந்தக் கரகரத்த ஹாரனை வைத்து அவளைக் கேலி செய்ததே அவன்தான். இதை அவள் போலீசிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. திட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஊரே அதைக் கவனித்தது. துக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

குளிர்காலம் வந்ததும் லாயிட் அந்தப் பைக்கை அவளிடம் கொண்டுவந்தார். டார்சி போனதிலிருந்து அது கொட்டகையில் சும்மா நின்றதாம். புதிதாக வந்த வேலையாள் கிளப்பியதும் ஒரே நீலப் புகை. பிஸ்டன் ரிங் தேய்ந்து போயிருக்கும், பார்த்து வை, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே போனார். தொடவே கூடாது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பிறகு, வேறு எவன் கையும் இதில் பட வேண்டாம் என்று தோன்றியது.

கிளப்பினாள். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. எந்த வழியாகக் குடிக்கிறது என்பதுதான் கேள்வி. வால்வு சீல் போயிருந்தால் கிளப்பும்போது ஒரு கொத்துப் புகை வந்து அடங்கும், இது அடங்கவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் முறுக்க முறுக்கப் புகை கூடும், இழுவையும் இருக்காது. வண்டியோ கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது. பிளக்கைக் கழற்றினாள், ஆயிலில் நனைந்திருந்தது. அந்த ஓட்டையில் மீட்டரை மாட்டிக் கம்ப்ரஷன் அழுத்தம் பார்த்தாள். முள் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தாள். ரிங் கெட்டிருந்தால் முள் மேலே ஏறியிருக்கும், கொஞ்சம்கூட ஏறவில்லை. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம்தான் இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தாள். நுரைப் பஞ்சு தொப்பலாக நனைந்திருந்தது. பெட்டியின் அடியில் ஒரு கோப்பை அளவு ஆயில் தேங்கி நின்றது.

வெர்னா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்ததும் தூக்கி நிறுத்திய வண்டியில் இவ்வளவு ஆயில் ஏறாது. இது மணிக்கணக்காகப் பக்கவாட்டில் கிடந்த வண்டி. கொட்டகையில் நின்றுகொண்டேதான் இருந்தது என்று லாயிட்டே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் டார்சி வண்டியோடு சேர்ந்துதான் விழுந்திருக்கிறான். வண்டி கரையில் விழ, அவன் ஓடைக்குள் எறியப்பட்டிருக்கிறான். தொடை முறிந்தவன் கரை ஏறி வந்து வண்டியை ஸ்டாண்டில் போட்டிருக்க முடியாது. அவள் ஹாரன் அடித்ததற்கு முன்னால் வேறு யாரோ அங்கே வந்திருக்கிறார்கள். அவளை ஏமாற்ற ஒரு கை வேலை செய்திருக்கிறது. எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவளால் நெஞ்சு நிறைய மூச்சு விட முடிந்தது. தப்பு தன்னுடையது இல்லை. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல வெறி வந்தது.

சாயங்காலம் லாயிட் வந்தார். வெர்னா பஞ்சை எடுத்து அவர் முன்னால் பிழிந்தாள். ஆயில் சொட்டியது. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

"அன்னிக்கு மத்தியானம் அந்தப் பக்கம் போனேன்" என்றார். "காலையில எனக்கும் அவனுக்கும் சண்டை. வண்டி கீழ கெடந்துச்சு. கோவத்துல போட்டுட்டு ஹைவேக்கு நடந்துட்டான்னு நெனச்சேன். ஒரு தடவ கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தம் இல்ல."

"எறங்கித் தேடல?"

"தேடல."

"தேடாதவன் எதுக்கு வண்டிய நிமித்தின?"

லாயிட் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குத்தல் இல்லை, பழி போடும் எண்ணமும் இல்லை. அதுதான் கொடுமை.

"நீதான சொல்லுவ வெர்னா, கெடந்தா ஆயில் ஏறிடும்னு. கை தானாப் போயிடுச்சு."

வெர்னா அவருடைய கையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கத்திக் கத்தி ஊருக்கே பழக்கிவிட்ட கை அது. அது தொடாமல் விட்டிருந்தால், பொழுது சாயும்போது பைக் தரையில் கிடந்திருக்கும். அவள் நிறுத்தியிருப்பாள். இறங்கியிருப்பாள். அப்போது தம்பி உயிரோடுதான் இருந்தான்.

போலீசிடம் சொல்லப் போகிறாயா என்று லாயிட் மெதுவாகக் கேட்டார்.

"சொல்லத்தான் போறேன். நீ நிமித்துனதயும் சொல்றேன், நான் ஹாரன் அடிச்சுட்டுப் போனதயும் சொல்றேன்."

 அவளும் அந்தச் சாலையில் போனாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

அவள் பெட்டியைத் துடைத்து, பஞ்சைக் கழுவி உதறி, தூசி பிடிக்க மறுபடி லேசாக ஆயில் தடவி மாட்டினாள். ஆயில் அளவைச் சரிசெய்து கிளப்பினாள். உள்ளே மிச்சமிருந்தது எரியும்வரை புகை நீலமாக வந்தது, மெல்ல வெளிறியது, பிறகு நின்றேவிட்டது. அருமையான வண்டி. டார்சி நன்றாகத்தான் வைத்திருந்தான். வண்டியில் ஒன்றும் இல்லை, எடுத்துக்கொண்டு போ என்றாள்.

லாயிட் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.  பிக்கப்பில் ஏற்றப் பலகையைச் சாய்க்கும்போது பைக் பிடி நழுவி முற்றத்தில் பக்கவாட்டாக விழுந்தது. பெட்ரோல் சொட்டத் தொடங்கியது. அவர் பழக்கத்தில் குனிந்தார், பாதியில் நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

வெர்னா கொட்டகை வாசலில் நின்றாள். நிமித்து என்று அவள் கத்தவில்லை. வண்டி கிடந்தது. இருட்டும்வரை இருவரும் அதைத் தொடவில்லை.