உள்ளே போடும் பூட்டு

சத்தியம் செய்து விற்கிற சரக்கில் பாதி சொத்தை. கடைக்காரனான எனக்கே தெரியும். அதனால் சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். பேரம் கிடையாது.

கடற்கரைச் சாலையில் பூட்டுக்கடை வைத்திருக்கிறேன். புயலுக்குப் பிறகு அந்தச் சாலையில் பாதி வீடுகளுக்குக் கதவே இல்லை. கடையில் இருந்த பழைய பூட்டுகளை உப்புத்தண்ணீர் தின்றுவிட்டது. மூன்றாம் வாரம், நீல உறை போட்ட புது ரகம் ஒரு பெட்டி வரவழைத்தேன். "கதவில்லாத ஊருக்குப் பூட்டு விக்க உன்னாலதான் முடியும்" என்றார் டீக்கடைக்காரர். சிரித்தேன். அது உதட்டோடு நின்றுவிட்டது. அப்போது எங்களுக்கு எல்லாமே அப்படித்தான்.

வீட்டில் என் மனைவி கதவைச் சாத்தவே விடுவதில்லை. புயலன்று படகோடு போன அவள் தம்பி திரும்பவில்லை. "வந்தான்னா பூட்டின கதவையா பாக்கணும்?" என்பாள். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவன் வீடு ராத்திரி பகலாகத் திறந்து கிடந்தது.

அன்று மாலை ஆறே கால். மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், இஸ்திரிக்காரம்மா நிற்கிறாள். நிவாரண முகாமில் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். சாதாரணமாக அவள் வந்தால் என் பாதி உயிர் போகும். அடிமாட்டு விலைக்குக் கேட்பாள். தெருமுனை வரை கோபித்துக்கொண்டு போவாள். பிறகு திரும்பி வருவாள்.

அன்று நீல உறைப் பூட்டைத் தொட்டாள்.

"இதக் குடுங்கண்ணே."

"என்னம்மா, விலை கேக்கலையா?"

"சொல்றதத் தர்றேன்."

அங்கேதான் எனக்கு முதுகு சில்லிட்டது.

"உள்பக்கம் போடலாமா?"

"போடலாம். எதுக்கு?"

"தட்டறாங்கண்ணே... கடலோட போனவங்க. அவங்கவங்க வீடு அடையாளம் தெரியல. எல்லா வீட்டுக்கும் வர்றாங்க."

காசை வைத்தாள். காசு ஈரம். அவள் சேலை காய்ந்திருந்தது.

போனாள். தெருமுனையில் திரும்பவில்லை.

அவள் நின்ற இடத்தில் மணல். ஒரு குவியல்.

மெழுகுவத்தி அணைந்தது.

சர்... சர்...

மணல் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். படுத்தேன். அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை, கூரை வரை மணல் மூடியிருந்த இஸ்திரிக்காரம்மா வீட்டை இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். இயந்திரத்தை ஓட்டியவர் கடைக்கு வந்து ஒரு பூட்டை என் முன்னால் வைத்தார்.

"உங்க கடைச் சரக்கா? கதவுல உள்பக்கம் போட்டிருந்துச்சு. சாவி அந்தம்மா கையில."

நீல உறை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதில் ஒன்றுதான் குறைந்தது. அதை வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

உயிர் போனது புயலன்று என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் வாசற்படியில் மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பூட்டு கொண்டாங்க. உள்ள போடற மாதிரி."

"உன் தம்பி வந்தா?"

"ராத்திரி வந்தான்."

துடைப்பம் நிற்கவில்லை.

"தனியா வரல."