தேதித்தாளும் ஒரு விரிசலும்

காலண்டரிலிருந்து அன்றைய தேதித்தாளைக் கிழித்து, அஸ்திவாரப் பள்ளத்தின் மண்தடுப்புச் சுவரோடு ஒட்டிப் பிடித்தபடி, மறு கையால் போனில் படம் எடுக்கிறார் கான்ட்ராக்டர். "நாளைக்கு எவனாவது கேட்டா நமக்குச் சாட்சி வேணுமில்ல!" தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போடுகிறார். சைட்டில் அவருக்குப் பெயரே தேதி அண்ணன்தான்.

ஆள் ஆறடி. ஆனால் தபால்காரரைக் கண்டால் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். சிரிக்காதீர்கள். பழைய சைட் ஒன்றில் தூண் சாய்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான். பழியை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். எட்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார். "வாயைத் திறந்தேன், வம்பு வந்துச்சு" என்பார்.

இந்த வேலையின் ஒப்பந்தமோ புது மாதிரி. கட்டட முதலாளி, டிசைனர், கான்ட்ராக்டர் எல்லோரும் ஒரே அணி. கோளாறைக் கண்டவர் உடனே சொல்ல வேண்டும். யாரும் யார்மேலும் பழி போடக்கூடாது. கையெழுத்துப் போட்ட அன்றே தேதி அண்ணன் என்னைத் தனியே இழுத்துக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, பழி போடமாட்டேங்கிற முதலாளி வக்கீலை எதுக்குக் கூட்டிட்டு வந்தாரு?" கூட்டக் குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. எனக்கென்ன தெரியும்?

இன்று காலை எடுத்த படத்தையும் முந்தைய மூன்று நாள் படங்களையும் வரிசையாகக் காட்டினார். முதல் படத்தில் மண்தடுப்புச் சுவரின் விரிசல் மயிரிழை. இன்று விரல் நுழையும். அதன் கீழே பன்னிரண்டு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்குக் கூட்டத்துல சொல்லிடுங்கண்ணே."

"இன்னொரு எட்டு வருஷம் என்னால தாங்க முடியாதுன்னு வீட்டுக்காரி அழுவுறாப்பா."

பத்து மணிக்குக் கூட்டம். "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் டிசைனர். வக்கீல் பேனா மூடியைக் கழற்றினார். தேதி அண்ணனின் கை சட்டைப்பைப் பொத்தான்வரை போய் நின்றது.

"ஒண்ணுமில்லைங்க."

நான் மட்டும் என்ன வீரனா? 'ஒன்றுமில்லை' என்றே எழுதினேன்.

கூட்டம் கலைந்ததும் பள்ளத்தை நோக்கி ஓடினார். பின்னாலேயே நானும். "எல்லாரும் மேல வாங்கப்பா! ஹெல்மெட் எண்ணணும்!" என்று கத்தினார். வேலையைக் கெடுக்கிறாரே என்று முணுமுணுத்தபடி ஒவ்வொருவராக ஏறினார்கள். பன்னிரண்டாவது ஆளும் வந்ததும் ஏணியை மேலே இழுத்துப் போட்டு, யாரும் எடுக்க முடியாதபடி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு கை இன்னும் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டிருந்தது.